அக்கா வீட்டுச் சுவரில் யுரேனியம்

சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ரசமட்டம் என்றால்தான் திரும்புவார். டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் ஒரு அட்டைத் துண்டை மடித்து மேசைக் காலுக்குக் கீழே செருகுவார். பிறகுதான் டீ. கடைக்காரர் ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தார். பிறகு ஆடுகிற மேசைகளை அவருக்கென்றே ஒதுக்கி வைத்தார்.

தொழிலை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கட்டடத்துக்கு மணல் சுமக்கப் போனவர், டைல்ஸ்காரர் கை போகும் போக்கைப் பார்த்துக்கொண்டே நின்று திட்டு வாங்கினார். சாப்பாட்டு நேரத்தில் உடைந்த டைல்களைப் பொறுக்கி மதில்மேல் ஒட்டிப் பார்ப்பார், காய்ந்ததும் பெயர்த்துப் பார்ப்பார். சுலபமாகப் பெயர்ந்தால் எங்கே தப்பு என்று யோசிப்பார். அப்படி யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த விஷயம் ஒன்றுதான்: டைலின் முதுகு முழுக்கக் கலவை இருக்க வேண்டும், ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இது எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். ஆனால் பாதிப் பேர் செய்வது வேறு. நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து, சுவரில் அமுக்கிவிட்டு அடுத்த டைலுக்குப் போய்விடுவார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதற்குள் மேஸ்திரி நம்பரை மாற்றியிருப்பார்.

ரசமட்டம் அந்த ரகம் இல்லை. அவர் டைல்ஸ் ஒட்டிய வீட்டை இடிக்க வந்தவர்கள், சுவர் விழுந்தது, டைல்ஸ் விழவில்லை என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை அவரும் மறுத்ததில்லை.

அவருக்கு ஓர் அக்கா. தையல்காரி. வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கிறாள். யாராவது நல்ல சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால், அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். விளிம்பைப் பிடித்துத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்ப்பாள். தெரிந்தவர், தெரியாதவர் என்று பேதம் பார்ப்பதில்லை. அவளுடைய குளியலறைச் சுவர், வீடு கட்டிய நாளிலிருந்து வெறும் சிமெண்ட் பூச்சாகவே இருந்தது. “ஊர்ல இருக்கற சுவரெல்லாம் என் தம்பி கைதான். என் வீட்டுச் சுவரைத் தவிர” என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ரசமட்டம் அந்தத் தெரு வழியாகப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூட வேலை வந்தது.

அறிவியல் ஆய்வகத்துக்கு வெளியே நீளமான சுவர். அதில் தனிம அட்டவணை வர வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் எந்தெந்தத் தனிமங்களால் ஆனதோ, அந்தத் தனிமங்கள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு டைல். டைல் நடுவில் ஒன்றோ இரண்டோ எழுத்து, மேலே ஓர் எண், கீழே பெயர். சயின்ஸ் டீச்சர் தொழிற்சாலையில் சொல்லி அச்சடித்து வாங்கியிருந்தார். டைல்ஸும் படமும் வந்து சேர்ந்த அன்று டீச்சர் இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். ஹெட்மாஸ்டர் படத்தை மேஸ்திரி கையில் கொடுத்து, “இதுல இருக்கற மாதிரியே வரணும்” என்றார். அவருக்குக் கணக்குப் பாடம்.

ரசமட்டம் படத்தை விரித்துப் பார்த்தார். மேலே இரண்டு ஓரமும் கோபுரம் மாதிரி உயர்ந்து, நடுவில் பள்ளமாக இருந்தது. யார் போட்ட படமோ, இடத்தை வீணாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தார். ஆனாலும் படத்தில் உள்ளபடி செய்வது அவர் வழக்கம். பள்ளத்தை வெள்ளை டைல்ஸால் நிரப்பினார். கீழே, பெரிய கட்டத்தை விட்டுத் தள்ளி, தனியாக இரண்டு வரிசை இருந்தது. வரிசைக்குப் பதினைந்து. அட்டவணையோடு ஒட்டாமல், இடைவெளி விட்டு, ஓரமாக.

இது என்ன என்று யோசிக்க அவருக்கு அவசியமே வரவில்லை. டைல்ஸ் வேலை தெரிந்த யாருக்கும் வந்திருக்காது. டைல்ஸ் வாங்கினால் உடைசலுக்கு என்று கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். வெட்டும்போது உடையும், தூக்கும்போது உடையும், வண்டியிலேயே உடைந்து வரும். அந்தக் கூடுதல் டைல்ஸைப் படத்திலேயே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒழுங்கான தொழிற்சாலை. பெரிய கட்டத்துக்குள் ஒரு டைலில் எழுத்து இல்லாமல் ‘57–71’ என்றும், அதற்கு அடியில் இன்னொன்றில் ‘89–103’ என்றும் போட்டிருந்தது. உடைசல் டைல்ஸ் இருக்கும் பெட்டியின் எண். எல்லாம் பொருந்தியது.

வேலை முடிந்தது. ஒரு டைல்கூட உடையவில்லை. இரண்டு வரிசையும் பெட்டியில் அப்படியே இருந்தன. கீழே விட்டிருந்த இடத்தை வெள்ளை டைல்ஸால் மூடி, பார்டர் கட்டி முடித்தார். ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், “சார், உடைசலுக்கு வந்தது மிச்சம் இருக்கு. நீங்க வச்சுக்கறீங்களா, நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

ஹெட்மாஸ்டர் போனில் இருந்தார். “எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க” என்று கையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் ஏறியது. பதினைந்து இளஞ்சிவப்பு, பதினைந்து வெளிர் பச்சை. குழாய்க்குப் பின்னால் சுவர் முழுக்க. அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். “எழுத்தெல்லாம் போட்டிருக்கே, என்னக்கா இது?” என்று கேட்டவர்களிடம், “ஸ்கூல்ல போடற தரமாம். கடையில கிடைக்காது” என்றாள்.

அன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது. அது அக்காவுக்குத் தெரியாது. அன்று மாலை ரசமட்டத்துக்கு வேறோர் இடத்தில் தரை பார்க்கப் போக வேண்டியிருந்தது. கொண்டு வந்த கலவை கொஞ்சம். அக்கா டீ போட உள்ளே போயிருந்தாள். அவர் கை, அவரைக் கேட்காமலேயே, நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்தது. இப்போதைக்கு இருக்கட்டும், சாவகாசமாக ஒரு நாள் சரியாக ஒட்டிக்கொள்ளலாம், நம்ம அக்காதானே என்று நினைத்துக்கொண்டார். முப்பது டைலும் அப்படியே ஏறின. அவர் கையிலிருந்து வந்த முதல் உருண்டை வேலை அது. அதை யாருக்குச் செய்தார் என்று பாருங்கள்.

டீச்சர் பயிற்சி முடிந்து வந்தார். சுவரைப் பார்த்தார். நல்ல வேலை என்று ஆரம்பித்தவர், கீழே குனிந்து, மறுபடி நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

“மேஸ்திரி அண்ணே, கீழ ரெண்டு வரிசை எங்க?”

“உடைசலுக்கு வந்ததுங்களா?”

“உடைசலா?”

ரசமட்டம் விளக்கினார். கூடுதல் டைல்ஸ், படத்தில் தனியாகப் போட்டது, பெட்டி எண். டீச்சர் கேட்டு முடித்ததும் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இப்ப அதெல்லாம் எங்க இருக்கு?”

“எங்க அக்கா பாத்ரூம்ல.”

“யுரேனியமுமா?”

“பேரெல்லாம் பார்க்கலைங்க டீச்சர். பச்சை.”

அது பச்சையில்தான் இருந்தது. குழாய்க்கு நேர் மேலே.

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர், யுரேனியம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டடி பின்னால் போனார். “அது ஆபத்து இல்லையா?” டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். டைலில் எழுதியிருப்பது பெயர்தான், பொருள் இல்லை, தங்கம் என்று எழுதிய டைல் தங்கமாகிவிடாது என்றார். டைல் எல்லாமே சுட்ட மண். மண்ணில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கன், அலுமினியம், எல்லாவற்றையும்விட அதிகமாக ஆக்சிஜன்.

“ஆக்சிஜனா? காத்துல இருக்கறதா?” என்றார் ரசமட்டம்.

“அதேதான் அண்ணே. தனியா இருந்தா காத்து. சிலிக்கனோட கையைக் கோத்துக்கிட்டா மணல். நீங்க இத்தனை வருஷமா சுவத்துல ஒட்டினதுல பாதி ஆக்சிஜன்தான்.”

அதைக் கேட்டு ரசமட்டம் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

“சரி டீச்சர். அந்த ரெண்டு வரிசை இல்லாட்டி என்ன? இவ்வளவு இருக்கே.”

டீச்சர் எழுந்து சுவர்கிட்டே போனார். டைல் மேலே இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். “இந்த நம்பர் கடை நம்பர் இல்லண்ணே. எல்லாப் பொருளையும் உடைச்சுக்கிட்டே போனா, இதுக்கு மேல உடைச்சா இது இதுவா இருக்காதுங்கற ஒரு பொடி வரும். அதுதான் அணு. அதுக்கு நடுவுல கரு. கருவுக்குள்ள புரோட்டான்னு இருக்கு. அது எத்தனைங்கறதுதான் இந்த நம்பர். எழுபத்தொன்பது இருந்தா தங்கம். ஒண்ணே ஒண்ணு கூடினாப் போதும், பாதரசம்.”

“ஒண்ணுக்கா இவ்வளவு வித்தியாசம்?”

“ஒண்ணுக்குத்தான். நம்பரை மாத்தினா ஆளே மாறிடும்.”

“எங்க ரசமட்டத்துல இருக்கறது இந்த பாதரசந்தானே?”

“பேர்லதான் ரசம் இருக்கு. உள்ள இருக்கறது ஸ்பிரிட்.”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அவரை எல்லோரும் தப்பான பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சர் மேலிருந்து கீழே கையை இறக்கினார். “இடமிருந்து வலம் நம்பர் ஒவ்வொண்ணாக் கூடிக்கிட்டே போகும். மேலருந்து கீழ பார்த்தா ஒரு குடும்பம். இந்தக் கடைசித் தூண்ல இருக்கறவங்க யார்கூடவும் சேர மாட்டாங்க. ஹீலியம், நியான், ஆர்கான். இந்த முதல் தூண்ல இருக்கற லித்தியம், சோடியமெல்லாம் தண்ணியைப் பார்த்தாலே சண்டைக்குப் போறவங்க.”

“வரிசை மட்டத்துக்கு, தூண் தூக்குக்குண்டுக்கு” என்றார் ரசமட்டம்.

“அப்படித்தான். அதனாலதான் நடுவுல பள்ளம். குடும்பம் மாறி உட்காரக் கூடாதுன்னு இடம் விட்டிருக்கு. அந்த ரெண்டு வரிசையும் உள்ளதான் இருக்கணும். இதோ, இந்த ரெண்டு இடத்துல. உள்ள வச்சா அட்டவணை ரொம்ப அகலமாயிடும், சுவர் பத்தாது. அதனால வெட்டி எடுத்துக் கீழ வச்சு, அம்பத்தேழுலருந்து எழுபத்தொண்ணு வரைக்கும் கீழ பாருன்னு எழுதியிருக்கு. இப்ப ஒரு புள்ள வந்து, டீச்சர் அம்பத்தெட்டு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். “மேஸ்திரி அக்கா பாத்ரூம்ல” என்று சொல்வது பொருத்தமாக இருக்காது என்று பட்டதோ என்னவோ, மூடிக்கொண்டார். சுவரின் திறப்பு விழா வருகிற திங்கட்கிழமை. புதிதாக அச்சடிக்கச் சொன்னால் ஒரு மாதம் ஆகும்.

“அங்கருந்து எடுத்துட முடியுமா அண்ணே? உடையாம வருமா?” என்று டீச்சர் கேட்டார்.

ரசமட்டத்துக்கு அதற்குப் பதில் தெரியும். வரும். ஒரு தட்டுத் தட்டினால் வரும். அதுதான் சங்கடமே. வந்தால், அக்கா பார்ப்பாள். தையலைத் திருப்பிப் பார்க்கிறவள், டைலைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பாளா?

“வராது டீச்சர்” என்றார். “நான் ஒட்டினா வராது. தூள் தூளாத்தான் வரும்.”

இதை இருவரும் நம்பினார்கள். ஊரே நம்பியிருக்கும். அவருடைய பெயர் அப்படி. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்காவுக்கு டைல்ஸ் இருக்கும், அவருக்கு மரியாதை இருக்கும், பள்ளிக்கூடத்துச் சுவரில் ஐம்பத்தெட்டு இருக்காது. அவ்வளவுதான். அவர் வாசல் வரை போனார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஐம்பத்தாறுக்குப் பக்கத்தில் ‘57–71’. அதற்குப் பக்கத்தில் எழுபத்திரண்டு. ஆடுகிற மேசையில் டீ குடிக்க முடியாத மனுஷன். என்ன செய்வார்?

“முயற்சி பண்ணிப் பார்க்கறேன் டீச்சர்” என்றார்.

முதலில் பள்ளிக்கூடத்தில் கீழே ஒட்டியிருந்த வெள்ளை டைல்ஸை எடுக்க வேண்டியிருந்தது. உளியும் சுத்தியலும் வைத்து மத்தியானம் வரை போராடினார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. சில்லுச் சில்லாக, பின்னால் இருந்த பூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தன. “இப்படித்தான் அங்கயும் வருமா?” என்று டீச்சர் கவலையோடு கேட்டார். “பார்ப்போம்” என்றார் அவர். தன் வேலையைப் பார்த்துப் பெருமைப்படுவதா, அழுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்தவில்லை. “பொறுக்கினது பொறுக்கினபடியே திரும்பிப் போகுதா? போகட்டும். புள்ளைங்க படிக்கறது. எடுத்துக்கோ.”

“நீ வேணா அதுக்குள்ள கடைக்குப் போய் உனக்குப் பிடிச்ச டைல்ஸ் பார்த்துட்டு வாயேன் அக்கா.”

“எதுக்குள்ள?”

“நான் எடுக்கறதுக்குள்ள. தூசி பறக்கும். உனக்கு ஆகாது.”

“பஞ்சுத் தூசியில முப்பது வருஷமா உட்கார்ந்திருக்கேன். எனக்கு டைல்ஸ் தூசி ஆகாதா?” கத்திரியை வைத்துவிட்டு எழுந்தாள். “வா. நீ எப்படி எடுக்கறேன்னு பார்க்கறேன்.”

டைல்ஸை வரிசை மாறாமல் வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி வைக்க டீச்சரும் வந்திருந்தார். ஆக, அந்தச் சின்னக் குளியலறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ரசமட்டம் உளியை முதல் டைலின் ஓரத்தில் வைத்தார். சுத்தியலைத் தூக்கினார். மெதுவாக, மிக மெதுவாக ஒரு தட்டு. டைல் கையில் வந்து உட்கார்ந்தது.

“லாந்தனம்” என்று டீச்சர் வாங்கிக்கொண்டார். “அட, முழுசா வந்துருச்சே!”

“கவனமா எடுத்தேன்” என்றார் ரசமட்டம்.

இரண்டாவதும் ஒரே தட்டு. “சீரியம். லைட்டர்ல பொறி வருதில்ல, அந்தக் கல்லுல இருக்கறது.”

அக்கா இன்னும் ஓரடி கிட்டே வந்து நின்றாள். மூன்றாவது டைலுக்கு அவர் கொஞ்சம் சிரமப்பட முடிவு செய்தார். உளியை டைலில் வைக்காமல் பக்கத்துப் பூச்சில் வைத்து ஓங்கி அடித்தார். நெற்றியைத் துடைத்தார். “ரொம்பக் கெட்டியா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஓங்கினார். அந்த அதிர்ச்சியில், அவர் தொடாத வரிசையிலிருந்த ஒரு பச்சை டைல் தானாகவே கழன்று, வாளிக்குள் இருந்த அழுக்குத் துணிமேல் பத்திரமாக விழுந்தது.

“யுரேனியம்” என்றார் டீச்சர், மெதுவாக.

அக்கா குனிந்து அதை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினாள். நாலு மூலையில் நாலு காய்ந்த உருண்டை, நடுவில் ஒன்று. மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி பளிச்சென்று இருந்தது.

“என்னடா இது?”

“கலவை அக்கா.”

“கலவை தெரியுது. மிச்ச இடத்துல என்ன?”

அவர் உளியின் நுனியைத் துடைத்தார்.

“பட்டன் தைக்கற மாதிரி அங்கங்க புடிச்சு விட்டிருக்க. ஓரத் தையலே இல்ல. ஸ்கூல்லயும் இப்படித்தான் ஒட்டினியா?”

பொய் சொல்ல அருமையான இடம். ஆனால் டீச்சர் காலையிலிருந்து கூடவே இருந்தவர். வெள்ளைச் சில்லுகளைக் கூட்டி அள்ளியதும் அவர்தான்.

“இல்லக்கா. அங்க முழுசா.”

“அங்க முழுசா” என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனசோடு நடுவில் புகுந்தார். “அம்மா, ஒரு விதத்துல பார்த்தா எல்லாமே உள்ள காலிதான். ஒரு அணு எங்க ஸ்கூல் மைதானம் அளவு இருக்குன்னு வைங்க, அதோட கரு நடுவுல கிடக்கற ஒரு கடுகுதான். மிச்சமெல்லாம் வெறும் இடம். எலக்ட்ரான் மட்டும் சுத்தி இருக்கும். இந்தச் சுவர், நீங்க, நான் எல்லாரும் அப்படித்தான். அப்படியிருந்தும் கெட்டியா நிக்கலையா?”

ரசமட்டம் நன்றியோடு டீச்சரைப் பார்த்தார்.

“அது நிக்கும்மா” என்றாள் அக்கா. “அதை இவன் ஒட்டலையே.”

பிறகு டைல்ஸ் ஒவ்வொன்றாக வந்தன, ஒரு தட்டுக்கு ஒன்று. நியோடிமியம், யுரோப்பியம், தோரியம், புளூட்டோனியம் என்று டீச்சர் மெல்லிய குரலில் பெயர் சொல்லி வாங்கிக்கொண்டே இருந்தார். அக்கா ஒவ்வொன்றையும் வழியில் மறித்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். முப்பதும் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. அவர் தொழிலில் இவ்வளவு சுத்தமாக எதையும் பெயர்த்ததில்லை.

திங்கட்கிழமை விழா நடந்தது. சுவர் முழுசாக இருந்தது, ஐம்பத்தெட்டு உட்பட. சிறப்பு விருந்தினர் தங்கம் எங்கே என்று கேட்டு, அந்த டைலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மேஸ்திரிக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். ரசமட்டம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா புது டைல்ஸ் வாங்கி வைத்திருந்தாள். வெறும் சாம்பல் நிறம். எழுத்து கிடையாது.

“வேற மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கியா?” என்று கேட்டார்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.” பெட்டியைப் பிரித்து ஒரே ஒரு டைலை எடுத்து நீட்டினாள். “இதை ஒட்டு.”

“இந்த ஒண்ணை மட்டுமா?”

“ஒண்ணை மட்டும்.”

பழைய உருண்டைத் தடங்களைச் சுரண்டி எடுத்தார். சுவரை நனைத்தார். டைலின் முதுகு முழுக்கக் கலவை பூசி, பல் வைத்த கரண்டியால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினார். வெறும் சுவரில் ஒற்றை டைல், தபால்தலை மாதிரி இருந்தது. அக்கா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

“சரி, போ. அடுத்த ஞாயிறு வா.”

அடுத்த ஞாயிறு மீதி டைல்ஸுக்குக் கலவை கட்டிக்கொண்டு போனார். அக்கா கலவையைப் பார்க்கவில்லை. உளியையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்தாள்.

“எடு அதை.”

“அக்கா, நல்லா ஒட்டியிருக்கேன்.”

“எடு. எப்படி வருதுன்னு பார்க்கறேன்.”

ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். அசையவில்லை. ஓங்கித் தட்டினார். மூலை தெறித்தது. இன்னும் ஓங்கினார். டைல் குறுக்கே பிளந்தது, ஆனால் சுவரை விடவில்லை. சில்லு சில்லாகக் கொத்தி எடுக்க ஏறக்குறைய ஒரு டீ ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. கடைசித் துண்டு வரும்போது சுவர்ப் பூச்சு ஒரு கை அகலத்துக்கு அதோடு சேர்ந்து வந்தது.

அக்கா தரையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகு முழுக்கக் கலவை. ஓர் இடம் காலி இல்லை. சுவரில் விழுந்திருந்த குழியையும் எட்டிப் பார்த்தாள்.

“முதல்ல இந்தப் பள்ளத்தை அடை” என்றாள். “அப்புறம் மிச்சத்தை ஒட்டு. நான் டீ போடறேன்.”

சமையலறைப் பக்கம் திரும்பியவள், இரண்டடி எடுத்து வைத்துவிட்டு, மறுபடி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“டீ அப்புறம் குடிக்கலாம்.”